தண்ணி இன்னும் வடியல

முதல் சனிக்கிழமை நான் ஒரு வெள்ளைப் பலகையையும் மூன்று கலர் மார்க்கர்களையும் எடுத்துக்கொண்டு போனேன். பலகையில் ஒரு கட்டம் வரைந்து ‘தொடக்கம்’ என்று எழுதினேன். அதிலிருந்து ஓர் அம்புக்குறி. அடுத்த கட்டத்தில் ‘சிக்கல்’. இன்னொரு அம்புக்குறி. ‘தீர்வு’. எதிரே பாயில் உட்கார்ந்திருந்த 17 பிள்ளைகளும் அதை அப்படியே நோட்டில் வரைந்துகொண்டார்கள். ஸ்கேல் வைத்து.

“இப்ப இதே மாதிரி ஆளுக்கு ஒரு கதை எழுதுங்க பார்ப்போம்” என்றேன்.

அரை மணி நேரத்தில் 17 கதைகள் வந்தன. ஒன்பதில் ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். நான்கில் ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. மிச்சமெல்லாம் முயல், ஆமை, காகம், நரி வகையறா. எல்லாவற்றிலும் கடைசி வரி ‘நீதி’ என்று தொடங்கியது. அடியில் கோடு வேறு. ஒரு பையன் நீதியை மட்டும் முதலில் எழுதிவிட்டு, கதைக்கு மேலே இடம் விட்டு வைத்திருந்தான். ஏன்டா என்று கேட்டதற்கு, “அதுக்குத்தானே சார் மார்க்கு?” என்றான்.

இது 2022இல். கொரோனாவுக்குப் பிறகு ஐ.டி. ஆட்கள் பலரைப் போல நானும் பெங்களூரு அறையைக் காலி செய்துவிட்டு, தில்லை நகரில் அப்பா அம்மா இருக்கும் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். தில்லை நகரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே குறுக்குத் தெருக்களுக்கு நம்பர்தான். அஞ்சாவது கிராஸ், பத்தாவது கிராஸ். எந்த கிராஸில் நுழைந்தாலும் ஒரு டாக்டர் போர்டோ கோச்சிங் சென்டர் போர்டோ கண்ணில் படாமல் வெளியே வர முடியாது. திருச்சியில் உடம்பு சரியில்லாதவர்களும் மார்க் போதாதவர்களும் வந்து சேரும் இடம் என்று நாங்கள் கிண்டலாகச் சொல்வதுண்டு. பெரிய வீடுகளைத் தாண்டி, உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கமாகப் போகும் சந்துகளில், அந்த வீடுகளில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளும் இருக்கின்றன. அப்படி ஒரு சந்தில், தகரம் வேய்ந்த ஒரு மொட்டைமாடியில்தான் எங்கள் வகுப்பு.

அது ஓர் ‘இல்லம் தேடிக் கல்வி’ மையம். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த மாதங்களில் பிள்ளைகளுக்கு விட்டுப்போனதை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய திட்டம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பாடம். ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் மையத்தை நடத்திய அக்கா பி.எஸ்ஸி. கணிதம். கணக்கும் அறிவியலும் அவருக்குக் கைவந்த கலை. ஒருநாள் மளிகைக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நீங்க கட்டுரையெல்லாம் எழுதுவீங்கன்னு உங்கம்மா சொன்னாங்க. சனிக்கிழமையில வந்து புள்ளைங்களுக்குக் கத எழுதச் சொல்லித் தாங்களேன். வாயத் தொறந்தா அடங்க மாட்டேங்குதுங்க. பேப்பரக் குடுத்தா ஒரு வரி வரமாட்டேங்குது.”

பிரச்சினை முழுவதையும் அக்கா அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களிலேயே சொல்லிவிட்டார். எனக்குத்தான் புரிய ஆறு மாதம் ஆனது.

என் வேலையிலும் கதைக்குப் பஞ்சமில்லை. மென்பொருளில் செய்யவேண்டிய ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் ‘யூசர் ஸ்டோரி’ என்றுதான் சொல்வோம். ‘ஒரு வாடிக்கையாளராக எனக்கு இது வேண்டும், இதனால் எனக்கு இன்ன பயன்’ என்று அதற்கு ஓர் அச்சு உண்டு. தினமும் காலை பத்து மணிக்கு எட்டுப் பேர் கூடி, நேற்று என்ன செய்தோம் என்று ஆளுக்கு ஒரு நிமிடம் சொல்வோம். ஒருவர் பேசும்போது மற்ற ஏழு பேரும் மைக்கை அணைத்துவிட்டு வேறு ஜன்னலில் வேலை பார்ப்போம். பத்து வருடமாகக் கதை சொல்வதையும் கேட்பதையும் நான் பழகியது இப்படித்தான். அந்த வெள்ளைப் பலகையில் வரைந்ததும் இதே அச்சுதான்.

அந்த முதல் நாள் தோல்விக்கு ஆறுதல் தேடித்தான் கிஜுபாய் பதேகாவின் ‘பகல் கனவு’ நூலை மறுபடி எடுத்தேன். குஜராத்தில் வக்கீலாக இருந்து வாத்தியார் ஆனவர் கிஜுபாய். 1930களில் அவர் எழுதிய அந்தச் சிறிய நூலில் ஒரு ஆசிரியர், கல்வியில் பரிசோதனை செய்து பார்க்கிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு நாலாம் வகுப்புக்குள் நுழைகிறார். முதல் நாள் பெரிய திட்டங்களோடு போகிறார். அமைதி விளையாட்டு விளையாடலாம் என்கிறார். வகுப்பு அவரைக் கேலி செய்து தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. அடுத்த நாள் ஒரு ராஜா கதையை ஆரம்பிக்கிறார். வகுப்பு அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. அவர் சொன்னதும் ராஜா கதைதான் என்பதைக் கவனித்தேன். ஆகவே, என் பிள்ளைகள் எழுதிய ராஜாக்களின் மேல் குற்றமில்லை.

அடுத்த வாரம் பலகையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். இத்தாலிய எழுத்தாளர் ஜானி ரோடாரி 1972இல் ரெஜியோ எமிலியா நகரத்து ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு விளையாட்டு உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய உதாரணம் நாய், அலமாரி. இரண்டுக்கும் நடுவில் வேறுவேறு இணைப்புச் சொற்களைப் போட்டுப் பார்த்தால் வேறுவேறு கதை பிறக்கும். தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபுகளே செய்துவிடும். பிள்ளைகள் கொடுத்த சொற்கள் எருமை, ஸ்கேன் சென்டர். எருமைக்கு ஸ்கேன், எருமையின் ஸ்கேன் சென்டர், எருமையால் மூடிய ஸ்கேன் சென்டர். எருமைக்கு ஸ்கேன் எடுத்தபோது அந்தத் தெருவில் இதுவரை தொலைந்துபோன கிரிக்கெட் பந்துகள் எல்லாம் அதன் வயிற்றுக்குள் தெரிந்தன என்று ஒருத்தி சொன்னதும் தகரக் கூரை அதிர்ந்தது. இலக்கணப் பாடத்தில் நான் வேற்றுமையை மனப்பாடம் செய்த நாட்களை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் நீதி எழுதிய பையன் எழுந்து, “நான் நெசமா நடந்தது சொல்லவா?” என்றான்.

“எங்க தாத்தா வாய்க்கால்ல தூண்டில் போட்டாரு. மீனே மாட்டல. செருப்புதான் மாட்டுச்சு. ஒத்தச் செருப்பு. தூக்கிப் போடாம வீட்டுக்குக் கொண்டாந்துட்டாரு. ஆயா பயங்கரமாத் திட்டுச்சு. அடுத்த வாரம் அதே எடத்துல போட்டாரா... இன்னொரு செருப்பு மாட்டுச்சு. அதோட ஜோடி! இப்ப அதத்தான் போட்டுக்கிட்டுப் போறாரு. ஆயா வாயே தொறக்கல.”

எல்லோரும் உருண்டு சிரித்தோம். இதை அப்படியே எழுதிக் கொடு என்றேன். எழுதினான்: ‘என் தாத்தா மீன் பிடிக்கச் சென்றார். மீன் கிடைக்கவில்லை. காலணி கிடைத்தது. பிறகு மற்றொரு காலணி கிடைத்தது. தாத்தா மகிழ்ச்சி அடைந்தார். நீதி: பொறுமை வேண்டும்.’

எழுத்தில் ஆயா இல்லை. திட்டும் இல்லை. செருப்பு ‘காலணி’ ஆனபோது ‘ஒத்தை’ போய்விட்டது. அந்தக் கதை முழுக்க அந்த ஒத்தையில்தான் இருந்தது. அவனைக் குறை சொல்ல வாயெடுத்தவன், நோட்டின் முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். போன வாரம் நானே சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: ‘பேச்சு வழக்கு கூடாது’.

நமக்கு இரண்டு தமிழ் இருப்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டில் ஒன்று, நோட்டில் ஒன்று. படித்த வீட்டுப் பிள்ளைக்கு இரண்டுக்கும் நடுவில் பாலம் போட ஆள் இருக்கிறது. பத்திரிகை கிடக்கிறது, புத்தகம் கிடக்கிறது. மற்ற பிள்ளைகள் தங்கள் கதையைக் கரையிலேயே இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு நோட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சுக்கென்றே ஓர் அகராதி போட்டார். ஊர் ஊராக நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்து உட்காரவைத்தது. அவர் கதைகளை ராத்திரி முழுக்கக் கொண்டாடிப் படிக்கும் நான்தான் காலையில் ஒரு பையனின் ‘மாட்டுச்சு’வை அடித்துத் திருத்தியிருந்தேன்.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகிற தப்பு. அடுத்தது அப்படியில்லை.

அந்த வருட ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி, காவிரியிலும் கொள்ளிடத்திலும் பெரிய வெள்ளம். ஊரே பாலத்துக்குப் போய் தண்ணீர் பார்த்துவிட்டு வந்தது. பிள்ளைகள் வேறு பேச்சே பேசவில்லை. எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரியும். அதைக் காட்டி, தாயுமானவர் கதையைச் சொன்னேன்.

திருச்சிக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். ரத்னாவதி என்ற செட்டிப் பெண்ணுக்குப் பிரசவ நேரம். பூம்புகாரிலிருந்து அவள் அம்மா கிளம்பி வருகிறாள். காவிரியில் வெள்ளம். அம்மா அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். இங்கே வலி எடுத்துவிடுகிறது. மலைமேல் இருக்கும் செவ்வந்திநாதர் அந்த அம்மாவின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து நின்றால், வீட்டுக்குள் இன்னோர் அம்மா. மறுகணம் அவர் மறைந்துவிடுகிறார். அப்படித்தான் அவர் தாயும் ஆனவர். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு அங்கே வாழைத்தார் படைப்பது இன்றைக்கும் உண்டு.

கைப்பிடிச் சுவர் ஓரமாக எப்போதும் உட்காரும் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அதுவரை அவள் நோட்டில் முதல் வரியைத் தாண்டியதில்லை. அன்றைக்குக் கேட்டாள்: “அண்ணா, அந்த அம்மா அக்கரைல எங்க தூங்குச்சு?”

“அது கதையில வரலையேம்மா.”

“வரலன்னாலும் அது தூங்கிருக்கும்ல?”

“தூங்கியிருக்கும். எங்க தூங்குச்சு, நீயே சொல்லேன்.”

சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த அம்மா ஒரு மரத்தடியில் தங்கியது. பொண்ணுக்காகக் கொண்டுவந்த லேகியம், பூண்டு, பழைய சேலைத் துணி எல்லாம் மூட்டையில் இருக்கிறது. மழையில் மூட்டை நனையக் கூடாது என்று ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தது. பசித்தாலும் மூட்டையைப் பிரிக்கவில்லை. “தெனம் தண்ணிகிட்ட வந்து பொண்ணப் பேர் சொல்லிக் கூப்புடும். தண்ணி சத்தத்துல இந்தப் பக்கம் கேக்காது. கேக்கலன்னாலும் கூப்புடும். ஏழு மணியானா கரெக்டாக் கூப்புடும்...”

ஏழு மணி என்றதும் எனக்குள் ஏதோ புரிந்துவிட்டது. புரிந்ததும் சும்மா இருக்கத் தெரியவில்லை.

“உங்க அம்மா எங்கம்மா இருக்காங்க?” என்று கேட்டேன்.

அவள் பேச்சை நிறுத்தினாள். “வேலைக்குப் போயிருக்கு” என்றாள். மற்ற பிள்ளைகள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அக்கரையில் நின்ற யாரோ ஓர் அம்மாவின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இப்போது அவளைப் பார்த்தார்கள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும்.

அக்காதான் சொன்னார். அம்மா சென்னையில் ஒரு வீட்டில் தங்கி, பிறந்த குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். பிள்ளை அம்மாச்சியிடம் வளர்கிறது. ராத்திரி ஏழு மணிக்கு போன் வரும். “இது எங்க எல்லாத்துக்கும் தெரியும் தம்பி. யாரும் கேக்க மாட்டோம். கேட்டு என்ன பண்ணப்போறோம்?”

பிள்ளைகள் சொல்வதை விட்டுவிடக் கூடாது என்று, அக்காவிடம் கேட்டுக்கொண்டு, நான் வகுப்பை போனில் பதிவு செய்துவந்தேன். வேலையில் ஏதாவது உடைந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது லாக் ஃபைலைத்தான். எந்த நொடியில் எது நடந்தது என்று அதில் இருக்கும். அன்று இரவு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டேன். கேட்கக் கேட்கக் கூசியது. அவள் கதையை முடிக்கவில்லை. ‘கூப்புடும்’ என்று சொல்லி மூச்சு வாங்குகிறாள். அந்த மூச்சு இருக்க வேண்டிய இடத்தில் என் குரல் இருக்கிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளியில் மழலையர் வகுப்பு எடுத்த விவியன் பேலியும் இப்படித்தான் டேப் ரெக்கார்டர் வைத்திருந்தார். தினமும் வகுப்பைப் பதிவு செய்து, பிறகு தனியாக உட்கார்ந்து கேட்டு எழுதுவார். பிள்ளைகள் எங்கே போக நினைத்தார்கள், தான் அவர்களை எங்கே இழுத்துக்கொண்டு போனோம் என்பது அந்த ஒலிநாடாவில்தான் அவருக்குக் கேட்டது. அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முறை மிக எளிமையானது. பிள்ளை கதை சொல்லும். ஆசிரியர் அதைச் சொன்னது சொன்னபடி எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பே அதை நடித்துப் பார்க்கும். தான் எந்த வேடம் போடுவது என்பதைக் கதை சொன்ன பிள்ளையே முடிவு செய்யும். இவ்வளவுதான். இதை வைத்தே அவர் பல புத்தகங்கள் எழுதினார். 1989இல் அவருக்கு மெக்கார்தர் விருது கொடுத்தார்கள்.

நான் செய்ய வேண்டியது குமாஸ்தா வேலை என்று அப்போதுதான் புரிந்தது. மூன்றாவது சனிக்கிழமை ஒரு நீள நோட்டோடு போனேன். “இனிமே நீங்க யாரும் எழுத வேண்டாம். நான் எழுதறேன். நீங்க சொல்லுங்க” என்றேன். நீதிப் பையன் முதலில் வந்து செருப்புக் கதையை மறுபடி சொன்னான். நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஆயா திட்டிய இடத்தில் “இன்னும் ரெண்டு திட்டு இருக்கு சார், அத எழுத வேணாம்” என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தான். அன்றே நடித்தார்கள். ஒத்தைச் செருப்பாக நடிக்க மூன்று பேர் சண்டை போட்டார்கள்.

அக்காவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. “தம்பி, நல்லாத்தான் இருக்கு. பரீட்சையில இப்புடி எழுதுனா மார்க் போடுவாங்களா?” நியாயமான கேள்வி. எழுத்துத் தமிழ் அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அதை வைத்துத்தான் எனக்கே சோறு. அதனால் இப்படி வைத்துக்கொண்டோம்: பேச்சு முதலில் என் நோட்டில். அதைப் பார்த்து, எழுத்துத் தமிழில் தங்கள் நோட்டில் அவர்களே மாற்றி எழுத வேண்டும். இப்போது மாற்றுவதற்குக் கையில் ஒன்று இருந்தது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று யோசிக்க முடிந்தது. பையன் தன் நோட்டில் எழுதினான்: ‘தூண்டிலில் ஒற்றைச் செருப்பு மாட்டியது. ஆயா தாத்தாவைப் பயங்கரமாகத் திட்டினார்.’ நீதி இல்லை. “நீதி எங்கடா?” என்றேன். “செருப்புக்கு என்ன சார் நீதி?” என்றான்.

அக்கா போய்க் கூப்பிட்டு வந்ததில் அந்தப் பெண் நாலாவது வாரம் வந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு பக்கத்தில் வந்து நின்றாள். விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். நான் எழுதி, படித்துக் காட்டினேன். ‘அந்த அம்மா தண்ணீருக்கு அருகில் வந்தார்...’

“நான் வந்தார்னு சொல்லல. வந்துச்சுன்னு சொன்னேன்.”

பழக்கதோஷம். அடித்துவிட்டு ‘வந்துச்சு’ என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டாள். தன் அம்மாவை ‘வந்தார்’ என்று சொன்னால் அது யார் வீட்டு அம்மாவோ ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அதையும் நான் அவளிடம் சொல்லவில்லை.

நடிக்கும்போது அம்மா வேடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டாள். “நீ யாரு?” என்று கேட்டேன். “நான் தண்ணி” என்றாள். பாயின் குறுக்கே கையை விரித்துப் படுத்துக்கொண்டாள். அம்மாவாக நடித்தவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “தாண்டட்டா?” என்றாள். தண்ணீர் கண்ணைத் திறக்காமல் சொன்னது: “இரு. தண்ணி இன்னும் வடியல.”

அதன்பின் பல சனிக்கிழமைகள் அந்தக் கதை வளர்ந்தது. ஒவ்வொரு முறையும் அதே பதில்தான்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் அதே காலத்தில் இன்னொருவர் இருந்தார். பேலி பிறந்த அதே 1929இல் மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜன். அவர் தொகுத்த இந்திய நாட்டுப்புறக் கதைகளில் ஒரு தமிழ்க் கதை உண்டு. இரண்டு மகன்களும் இரண்டு மருமகள்களும் படுத்தும் பாட்டை யாரிடமும் சொல்ல முடியாத ஒரு கிழவி, சொல்லாததெல்லாம் உள்ளே சேர்ந்து நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போகிறாள். ஒருநாள் ஊருக்கு வெளியே கூரையில்லாத ஒரு பாழ் வீட்டுக்குள் நுழைந்து, நாலு சுவர்களிடமும் நாலு பேரைப் பற்றிச் சொல்கிறாள். ஒவ்வொரு சுவரும் கேட்ட பாரம் தாங்காமல் இடிந்து விழுகிறது. அவள் உடம்பு லேசாகி வீட்டுக்குத் திரும்புகிறாள். கிழவியின் துயரத்துக்காகவே இந்தக் கதையை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது எனக்கு அந்தச் சுவர்கள்தான் நினைவில் நிற்கின்றன. ஒன்றுகூட அவளிடம் ‘இது நிஜமா?’ என்று கேட்கவில்லை.

டிசம்பரில் அலுவலகம் திரும்பக் கூப்பிட்டுவிட்டது. ஜனவரியிலிருந்து பெங்களூரு. கடைசி சனிக்கிழமை பிள்ளைகள் ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார்கள். கிளம்பும்போது அவள் வந்து, “எழுதிக்கோங்க அண்ணா, முடிச்சுடறேன்” என்றாள். அந்தப் பேனாவாலேயே எழுதினேன். இதை இங்கே எழுதலாமா என்று அவளிடமும் அவள் அம்மாச்சியிடமும் கேட்டேன். பேர் போடாமல் எழுதச் சொன்னார்கள்.

‘தண்ணி வடியல. அக்கரைல இன்னொரு பொண்ணுக்கு வலி வந்துச்சு. அதுக்கு அம்மா இல்ல. இந்த அம்மா மூட்டையப் பிரிச்சுச்சு. லேகியத்த அதுக்குக் குடுத்துச்சு. பழந்துணில கொழந்தையச் சுத்திக் குடுத்துச்சு. ஏழு மணிக்கு எப்பயும் போலத் தண்ணிகிட்ட வந்து கூப்புட்டுச்சு. கைல அந்தக் கொழந்த இருந்துச்சு. அதனால கொஞ்சம் மெதுவாக் கூப்புட்டுச்சு.’

படித்துக் காட்டினேன். பக்கத்தில் நின்ற நீதிப் பையன், “முடிஞ்சிருச்சா?” என்றான்.

“ம்” என்றாள். நோட்டை என் கையிலிருந்து வாங்கி ஒவ்வொரு வரியாகத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தாள். எல்லா ‘ச்சு’வும் இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். மணி ஏழு ஆகப்போகிறது என்று அப்போதுதான் கவனித்தேன்.